கை தூக்கிய நிழல்

கம்பத்தின் நிழல் சாலையில் கிடந்தது. கம்பத்தைக் காணோம்.

மடக்கு நாற்காலியை விரித்து, ஸ்டாண்டின் கால்களை மண்ணில் ஊன்றி, நேற்று மாலை பாதியில் விட்ட படத்தை அதன் மேல் சாய்த்துவிட்டு நிமிர்ந்தபோதுதான் அவர் அதைக் கவனித்தார். காலை வெயில் முதுகில் ஏறிக்கொண்டிருந்தது. அவருடைய நிழலும், ஸ்டாண்டின் நிழலும், வேலியோரச் செடிகளின் நிழலும் ஒழுங்காக அவருக்கு எதிரே, ஏரிக்கரையைப் பார்த்து விழுந்திருந்தன. அந்த ஒரு நிழல் மட்டும் கரைப் பக்கத்திலிருந்து கிளம்பி, சாலையைக் குறுக்கே தாண்டி, அவரை நோக்கி வந்திருந்தது. சாயங்கால நிழல் எப்படி விழுமோ அப்படி. மேலே குறுக்குச் சட்டம், அதில் பீங்கான் குமிழ்கள், எல்லாம் தார் மேல் தெளிவாகத் தெரிந்தன. மின்கம்பிகள் இந்தக் கம்பத்தில் தங்காமல் அடுத்ததற்குத் தாவி, நடுவில் தொய்ந்து தொங்கின.

நேற்று இங்கே கம்பம் இருந்தது. படத்தின் நடுவில் வந்து நின்று கெடுத்தது என்று அவர்தான் அதை வரையாமல் விட்டார்.

பம்பு ஹவுஸ் காவலாளி வாளியோடு போய்க்கொண்டிருந்தார்.

"இங்க ஒரு கரண்ட் கம்பம் இருந்துச்சே, எப்பப் பிடுங்கினாங்க?"

"இங்க ஏதுங்க சார் கம்பம்? நான் வேலைக்குச் சேந்ததுலேருந்து இப்படித்தான் கம்பி தொங்குது. எழுதிப் போட்டாச்சு. யாரு வர்றா?"

பேசிக்கொண்டே காவலாளி நடந்தார். நிழல் கிடந்த இடம் வந்ததும் கீழே பார்க்காமலே காலை அகட்டி வைத்து, அதை மிதிக்காமல் தாண்டிப் போனார். தாண்டினோம் என்பதே அவருக்குத் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

வரைய வந்தவர் குனிந்து, நிழலின் மேல் உள்ளங்கையை வைத்தார். பக்கத்துத் தார் சுட்டது. நிழல் ஈரமண் போலக் குளிர்ந்திருந்தது.

கரையைப் பார்க்கக் கூடாது என்று ஏனோ தோன்றியது. பார்த்தார். கரைச் சரிவில் இன்னொரு நிழல் இருந்தது. நீளமானது. அகலமான தோள், முழங்கால் வரை தொங்கும் கோட்டு, மேலே தூக்கிய ஒரு கை. கையின் விரல்கள் சரிவிலிருந்து இறங்கி, அவருடைய நாற்காலிக் கால் வரை வந்திருந்தன.

கரை மேல் யாரும் இல்லை.

*

அவர் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் நுழைந்தால் ஒரு கூடம் எழுந்து நின்ற காலம் ஒன்று இருந்தது. இப்போது தெருவோரத்தில், போகிற வருகிற சைக்கிள்காரன் எட்டிப் பார்த்து "பெரியவரே, மாடு வரையத் தெரியுமா" என்று கேட்கும்படி, மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து வண்ணம் பூசிக்கொண்டிருந்தார். மகனுக்கு இதில் உள்ளூரக் கூச்சம். வெளியே சொன்னதில்லை. "வீட்டு மாடியிலேயே வரையலாமேப்பா, நல்ல வெளிச்சம்" என்பதோடு சரி. அவருக்கும் கூச்சம்தான். ஆனால் வாழ்நாளெல்லாம் நான்கு சுவருக்குள் அடுத்தவர் அழுக்கையே கேட்டுக் கழித்தவருக்கு, வெளியே உட்கார்ந்து வானத்தைப் பார்க்க ஒரு காரணம் வேண்டியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எடுத்த டீச்சர் அவரைவிட மிகவும் சின்னவர். ஆனால் சொல்வதில் கறார். வெளியில் உட்கார்ந்து வரைகிறவர்களுக்கு டீச்சர் சொன்ன விதிகளை அவர் சட்டப் பிரிவுகளைப் போல மனப்பாடம் செய்திருந்தார். முதலில் நிழலைப் போடு. அது ஓடிக்கொண்டே இருக்கும், பொருள் எங்கேயும் போகாது. படத்தைக் கெடுக்கிறதை விட்டுவிடு. நீ என்ன போட்டோவா எடுக்கிறாய். தூரத்து மனிதனுக்கு மூக்கும் முழியும் போடாதே. தலைக்கு ஒரு பொட்டு, உடம்புக்கு மேலே அகலமாய்க் கீழே கூராய் ஒரு இழுப்பு, பாதம் கூடாது. பாதம் போட்டால் ஆணி அடித்தது போல் நின்றுவிடுவான்.

நேற்று அந்த விதிப்படிதான் எல்லாம் நடந்தது. சூரியன் ஏரிக்கு மேல் இறங்கிக்கொண்டிருந்தது. அவர் தலை நிமிராமல், தரையில் விழுந்த நிழல்களையெல்லாம் அவசர அவசரமாகக் கருநீலத்தில் இழுத்துக்கொண்டிருந்தார். கம்பம், வேலி, பம்பு ஹவுஸ். நடுவில் புதிதாக ஒரு நீள நிழல் வந்து சரிவில் விழுந்தது. படத்துக்கு அது அழகாகப் பொருந்தியது. அதையும் இழுத்தார். தூக்கிய கையின் விரல் வரை இழுத்த பிறகுதான் நிமிர்ந்து அது யாருடையது என்று பார்த்தார்.

கரை மேல் அவருடைய தம்பி நின்று கை ஆட்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணா! இங்க பாருண்ணா! என்னையும் வரைண்ணா!"

உடம்பில் அவருடைய கோர்ட்டுக் கோட்டு. கீழே அரைக்கால் சட்டை.

அந்தக் கோட்டுதான் அந்தக் குடும்பத்தின் மானத்தைச் சந்தியில் நிறுத்தியது. ஓய்வு பெற்ற அன்று பழைய துணி மூட்டையில் அவர் போட்டதைத் தம்பி தேடி எடுத்து மாட்டிக்கொண்டான். "நல்லா கதகதன்னு இருக்குண்ணா. உன் வாசனை வேற வருது." ஒரு வேலையிலும் தங்காதவன், கல்யாணம் ஆகாதவன், அண்ணன் வீட்டு மாடி அறையில் இருப்பவன், அதைப் போட்டுக்கொண்டு தெருமுனைக் கல்லில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தான். தள்ளுவண்டிக்காரர்களின் இடத்தகராறு, பேருந்தில் யார் ஜன்னலோரம் என்ற பிள்ளைகளின் சண்டை, எல்லாம் அவனிடம் வந்தன. மேலும் கீழும் பார்த்துவிட்டு "தள்ளுபடி" என்பான். தெருவே சிரிக்கும். 'கோட்டு' என்று அவனுக்குப் பெயர் வைத்தார்கள். கோட்டு சொல்லிட்டா அப்பீலே கிடையாதுப்பா என்பார்கள். அவர் அந்த வழியாகப் போனால் சிரிப்பு சட்டென்று நிற்கும். அது நிற்பதுதான் அவருக்குச் செருப்படியாக இருந்தது.

நேற்றும் அவன் கூப்பிட்டபோது சாலையில் நடைப்பயிற்சிக்காரர்கள் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குனிந்துகொண்டார். கம்பத்தை விட்டது போலவே தம்பியையும் படத்தில் விட்டார். அவன் நின்ற இடத்தில் வானத்தின் மஞ்சளை வைத்து இழுத்து மூடினார். மூடி முடித்து நிமிர்ந்தபோது கூப்பிடும் குரல் நின்றிருந்தது. போய்விட்டான், நல்லது, என்று நினைத்துக்கொண்டார்.

*

கரைச் சரிவின் நிழலைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்ததும் மருமகளிடம் கேட்டார்.

"தம்பி வந்தானாம்மா?"

"எந்தத் தம்பி மாமா?"

"மாடியில இருக்கிறவன். உங்க சின்ன மாமா."

அவள் துணி மடிப்பதை நிறுத்தி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மாமா, வெயில்ல ரொம்ப நேரம் உக்காந்துட்டீங்களா? மாடியில யாரு இருக்கா? இஸ்திரி மேசையும் பழைய பேப்பரும்தானே கிடக்கு."

மாடிக்கு ஏறிப் பார்த்தார். இஸ்திரி மேசை இருந்தது. பழைய பேப்பர் இருந்தது. கட்டில் இல்லை, கட்டில் இருந்த அடையாளமும் இல்லை. கட்டில் கால்கள் தேய்த்திருக்க வேண்டிய தரை, பூசிய நாளில் இருந்தது போல மழமழவென்று இருந்தது. அறையில், அவர் பிரஷ் கழுவுகிற டர்பன்டைனின் மெல்லிய வாசனை.

அவர் பயந்தார். மேசையைப் பிடித்துக்கொண்டார். ஆனால் அந்தப் பயத்துக்கு அடியில், கிணற்றடியில் தண்ணீர் ஊறுவது போல, வேறு ஒன்று மெல்ல ஊறியது. அது என்னவென்று அவருக்கு உடனே புரிந்தது. புரிந்ததும் காது மடல் வரை சுட்டது.

அது நிம்மதி.

இனி தெருமுனையில் யாரும் சிரிக்க மாட்டார்கள்.

அன்று இரவு அவர் நன்றாகத் தூங்கினார். அதற்கு அடுத்த இரவும். தலை நிமிர்ந்து தெருவில் நடந்தார். தெருமுனைக் கல் காலியாக இருந்தது. தள்ளுவண்டிக்காரர்கள் இருவர் அதற்குப் பக்கத்தில் நின்று சண்டை போட்டார்கள். வார்த்தை தடித்து ஓரிடத்துக்கு வந்ததும் இருவரும் வாயை மூடிக்கொண்டு கல்லைத் திரும்பிப் பார்த்தார்கள். எதற்குப் பார்த்தோம் என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார்கள். பிறகு விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள்.

ஏரிப் பக்கம் மட்டும் அவர் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் எல்லாருடைய படங்களையும் சுவரில் சாய்த்து வைத்தார்கள். டீச்சர் அவருடைய படத்தின் முன் வெகுநேரம் நின்றார்.

"சார், இதுதான் உங்க நல்ல படம். இந்த நிழல்தான் முழுப் படத்தையும் பிடிச்சு நிறுத்துது. எதோட நிழல் சார் இது?"

எல்லாரும் திரும்பினார்கள். அவர் தொண்டையைச் செருமினார்.

"மரம்."

"கையை ஆட்டுற மரமா?" என்றார் பக்கத்தில் நின்ற பல் டாக்டர். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்த வாயை மூட முடியாமல் அப்படியே நின்றார். படத்தில் மற்ற வண்ணமெல்லாம் காய்ந்து மங்கியிருந்தது. நிழல் மட்டும் ஈரமாக மினுமினுத்தது. யாரும் பார்க்காதபோது விரலால் தொட்டார். விரல் நுனியில் கருநீலம் ஒட்டியது. வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டுத் தேய்த்தார். துணியால் தேய்த்தார். போகவில்லை.

டீச்சர் சொன்னதன் பேரில் அந்தப் படத்தை வக்கீல் சங்கக் கூடத்தில் மாட்டினார்கள். பழைய சகாக்கள் வந்து கை குலுக்கினார்கள். அவரோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒருவர் தோளில் தட்டி, "உங்களுக்கு எதுவுமே ஒழுங்குதான்யா. கூடப் பிறந்தது கிடையாது, பங்கு பிரச்சனை கிடையாது, தலைவலி கிடையாது. ஒத்தைப் பிள்ளையாப் பொறக்கறதும் ஒரு கொடுப்பினை" என்றார்.

ஒரு கணம்தான். வாய் முந்திக்கொண்டது.

"ஆமா. நான் ஒரே பிள்ளை."

சொன்னதும் கூடத்தில் டர்பன்டைன் வாசனை எழுந்தது. வேறு யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை. கோர்ட்டில் எத்தனையோ பேர் சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொன்னதை அவர் கேட்டிருக்கிறார். அப்போது அவர்களுடைய கழுத்து நரம்பைப் பார்ப்பார். இப்போது தன் கழுத்து நரம்பு துடிப்பது அவருக்கே கேட்டது. ஊருக்குத் தெரிந்து கோட்டுக்கு அண்ணனாக இருந்த நாளெல்லாம் பட்டது அவமானமே இல்லை. இதுதான் அவமானம் என்று தெரிந்தது. தானாடாவிட்டாலும் தன் சதையாடும் என்பார்கள். அவருக்கு ஆடவில்லை. இத்தனை நாள் நன்றாகத் தூங்கியிருக்கிறார்.

படத்தைச் சுவரிலிருந்து கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டு வெளியே வந்தார். பின்னால் யாரோ கூப்பிட்டார்கள். திரும்பவில்லை.

*

வண்ணப்பெட்டியோடு அவர் ஏரிக்கரையை அடைந்தபோது சூரியன் அதே இடத்துக்கு வந்திருந்தது. எல்லா நிழலும் இப்போது அவர் பக்கம் விழுந்ததில், கரைச் சரிவின் நிழல் மற்றவற்றோடு சேர்ந்து இயற்கையாகக் கிடந்தது. தூக்கிய கை அப்படியே தூக்கியிருந்தது. நடைப்பயிற்சிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, அந்த இடத்தில் காலை அகட்டி, தாண்டிப் போனார்கள்.

"வரைஞ்சிடறேன்டா," என்றார் வாய்விட்டு. "இதோ வரைஞ்சிடறேன்."

கோட்டிலிருந்து தொடங்கினார். அது சுலபமாக வந்தது. அவருடைய கோட்டல்லவா. வலது பையின் தையல் விட்ட ஓரம், இரண்டாவது பொத்தானுக்கு மாற்றாகத் தைத்த கொஞ்சம் பெரிய பொத்தான், கழுத்துப் பட்டையின் நரைத்த மடிப்பு. இத்தனை தூரத்து உருவத்துக்கு இவ்வளவு நுணுக்கம் கூடாது என்று டீச்சர் சொல்வார். அவர் ஒன்றையும் விடவில்லை. தூக்கிய கையைப் போட்டார். அந்தக் கையை நிழலோடு கவனமாகப் பொருத்தினார்.

பிறகு பிரஷைத் துடைத்து, முகத்துக்குப் பழுப்பைக் குழைத்து, கேன்வாஸுக்கு அருகே கொண்டுபோனார்.

கை நின்றது.

தம்பியின் முகம் எப்படி இருக்கும்?

மூக்கு அப்பாவுடையதா, அம்மாவுடையதா? கண் பெரிதா? மீசை உண்டா? புருவத்தில் ஒரு தழும்பு இருந்தது. சின்ன வயதில் அவர் முதுகிலிருந்து விழுந்து பட்டது. இடதா, வலதா? கூண்டில் நின்ற கொலைகாரர்களின் முகமெல்லாம் வரிசையாக நினைவில் வந்தன. ஒவ்வொருவனையும் அவரால் இப்போது வரைந்துவிட முடியும். ஒரே வீட்டில் வளர்ந்தவனை முடியவில்லை. அவன் பேச வரும்போதெல்லாம் பேப்பரைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். "அண்ணா, என்னைப் பாத்துப் பேசுண்ணா." "காது கேக்குது. சொல்லு."

வீட்டில் ஆல்பம் இருக்கிறது. அதிலும் அவன் இல்லை; அவர் வரையாமல் விட்டதால் அல்ல, எப்போதுமே இல்லை. போட்டோக்காரர் வருகிற நாளெல்லாம் தம்பிக்கு வெளியே ஒரு வேலை கொடுத்து அனுப்பியிருந்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். அவர் மறைத்திருந்தார். மறைத்த இடம் இப்போது அவருக்கே தெரியவில்லை.

சூரியன் தண்ணீரைத் தொட்டது. வெளிச்சம் ஓடிக்கொண்டிருந்தது. கொசுக்கள் காதருகே ரீங்கரித்தன. பம்பு ஹவுஸில் மோட்டார் நின்று, அதுவரை இருந்ததே தெரியாத ஒரு சத்தம் இல்லாமல் போனது.

இன்றைக்கு விட்டால் நாளைக்குக் கோட்டின் பொத்தானும் மறந்துபோகும் என்று தோன்றியது. தூரத்து மனிதனுக்கு மூக்கும் முழியும் கிடையாது. விதி இருக்கிறதே. விதியைப் பிடித்துக்கொண்டார். தலைக்கு ஒரு பொட்டு வைத்தார். சரியாகத் துடைக்காத பிரஷிலிருந்து கருநீலம் கலந்து பழுப்பு அழுக்காயிற்று. ஒரு மயிர் கழன்று வண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எடுக்க நகத்தை வைத்தார்; பொட்டு ஒரு பக்கமாக இழுபட்டது. கோட்டுக்குக் கீழே, கூராக ஒரே இழுப்பு.

பாதம் இல்லை.

நிமிர்ந்து பார்த்தார். கரை மேல் யாரும் இல்லை. சரிவிலும் எதுவும் இல்லை. அந்த நிழலைக் காணோம்.

*

ஈரப் படத்தை உடம்பில் படாமல் பிடித்துக்கொண்டு நடந்தார். இருட்டிக்கொண்டு வந்தது. கம்பமில்லாத இடத்தில் விளக்கும் இல்லை. அந்த நீளச் சாலையின் நடுவில் வந்தபோது பின்னால் சத்தம் கேட்டது. காலடிச் சத்தம் இல்லை. முரட்டுத் துணி துணியோடு உரசும் சத்தம். கோட்டின் கை கோட்டின் விலாவில் உரசும் சத்தம், அவர் தன் உடம்பில் பல வருஷம் கேட்ட சத்தம். அதோடு ஏதோ கூரானது தாரில் கீறிக்கொண்டே வருவது போல ஒரு மெல்லிய இழுவை.

நின்றார். நின்றது.

"தம்பி?"

டர்பன்டைன் வாசனை மட்டும் கழுத்துக்குப் பின்னால் வந்து தங்கியது.

திரும்பிப் பார்த்திருக்கலாம். அவர் பார்க்கவில்லை. எப்போதும் போல.

வீட்டில் எல்லா விளக்கும் எரிந்தது. உள்ளே பேச்சுச் சத்தம், தட்டுகளின் சத்தம். வாசற்படியில் பழைய செருப்பு ஒரு ஜோடி கிடந்தது. தம்பியுடையது. இத்தனை நாள் இல்லாதது. அதைக் கண்டதும் அவருக்குக் கண் கலங்கியது. தெருவில் யார் பார்த்தாலும் சரி என்று வாய்விட்டு அழத் தோன்றியது. சுவரில் படத்தைச் சாய்த்துவிட்டு உள்ளே போனார்.

"எங்க மாமா போயிட்டீங்க?" என்றாள் மருமகள். "சின்ன மாமா அப்பவே வந்து உங்களுக்காக உக்காந்திருக்காரு. நீங்க வந்தாத்தான் சாப்பிடுவாராம்."

மகன் தட்டிலிருந்து தலை நிமிராமல் சொன்னான். "கை கழுவிட்டு வாங்கப்பா."

சாப்பாட்டு மேசையில் அவருடைய நாற்காலிக்கு நேர் எதிரே அது உட்கார்ந்திருந்தது.

கோட்டு மட்டும் சரியாக இருந்தது. தையல் விட்ட பை. பெரிய பொத்தான். நரைத்த மடிப்பு. ஒன்றையும் அவர் விடவில்லை. கோட்டுக்குக் கீழே கூராகி, நாற்காலியின் விளிம்பைத் தாண்டி, தரையைத் தொடும் முன் முடிந்துபோயிருந்தது. கோட்டுக்கு மேலே ஒரு பழுப்புப் பொட்டு. ஒரு பக்கமாக இழுபட்டது. ஈரம். நடுவில் ஒரு கறுப்பு மயிர்.

வலது கை தலைக்கு மேல் தூக்கியிருந்தது.

மருமகள் அதன் தட்டில் பரிமாறினாள். வழக்கம் போல. முகம் சுளிக்காமல்.

"இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா சின்ன மாமா?"

கை இறங்கவில்லை. இறங்க முடியாது. அப்படித்தான் வரைந்திருந்தார்.

அவர் சுவரைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். மேசை விளிம்பைப் பார்த்தார். பொட்டிலிருந்து ஒரு துளி கோட்டின் மடிப்பில் சொட்டியது.

"அப்பா," என்றான் மகன். "சித்தப்பா எவ்வளவு நேரமாக் கையைத் தூக்கிக்கிட்டு இருக்காரு. ஒரு வார்த்தை அவரைப் பாத்துப் பேசுங்களேன்."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். கருநீலம் ஒட்டிய விரலை மற்றக் கையால் மூடிக்கொண்டார். மெல்லத் தலையை நிமிர்த்தினார்.

பார்த்தார்.

மூக்கும் முழியும் இல்லாத அந்த ஈரம், அவர் பக்கம் திரும்பியது.